சிறுமலைக்கு ஒரு ரேடியோப் பெட்டி

ஜனவரி 27, சனி

டிரில் மெஷின் வாங்கியபோது அதோடு வந்த கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியை இன்று காலி செய்தேன். மெஷினுக்கு ஒரு பழைய துண்டைச் சுற்றி அரிசி டிரம் பக்கத்தில் வைத்தாயிற்று. இனி அந்தப் பெட்டிக்குள், லைசென்ஸ் வாங்கியவர்கள் ஊர் விட்டு ஊர் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவின் ஒரு முழு நிலையமே உட்காரப் போகிறது. செட், பேட்டரி, மைக், ஆன்டெனா, கேபிள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு கையில் தூக்கிப் போய், மரக்கிளையில் கயிறு வீசி ஆன்டெனாவைத் தொங்கவிட்டு, காபி ஆறுவதற்குள் பேச ஆரம்பித்துவிட வேண்டும். இதுதான் திட்டம்.

எங்கள் திண்டுக்கல் ஹாம் குழு வருடத்தில் ஒரு ஞாயிறு வீட்டை விட்டு வெளியே வந்து, பேட்டரியில் மட்டும் செட்டை ஓட்டிப் பேசிப் பார்க்கும். இந்த வருடம் பிப்ரவரி 18. கட்டுப்பாட்டு நிலையம் சிறுமலை உச்சியில். அது கிட்டத்தட்ட வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற வேலை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கேட்கிறதா என்று கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். பாலிடெக்னிக் எலக்ட்ரானிக்ஸ் லேப்பில் வருடக் கணக்காக இதைத்தானே செய்கிறேன் என்று கையைத் தூக்கிவிட்டேன்.

அதே பதினெட்டாம் தேதிதான் என் நாத்தனார் ஜெயபாரதிக்கு வளைகாப்பு. தேதி இடித்துவிட்டதே என்று இவரிடம் வருத்தமாகச் சொன்னேன். இவரும் வருத்தமாகத் தலையாட்டினார். இரண்டு பேருமே நன்றாகத்தான் நடிக்கிறோம்.

இவர் என்றால் பவுன்ராஜ். மின்வாரியத்தில் வேலை. ஹாம் பைத்தியம் முதலில் பிடித்தது அவருக்குத்தான், நான் பின்னால் போனேன். லைசென்ஸ் பரீட்சையில் நான் முதல் தடவையே தேறினேன், அவர் இரண்டாம் தடவை. இதை மாதம் ஒரு முறையாவது ஞாபகப்படுத்தாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஜனவரி 31, புதன்

பேட்டரி வந்துவிட்டது. பழைய ஈய பேட்டரியில் பாதி எடைகூட இல்லை. செட்டுக்கு அடியில் வைத்து, ஆடாமல் இருக்க யோகா விரிப்பை வெட்டி அணை கொடுத்தேன். யோகா செய்வதற்கென்று வாங்கிய விரிப்பு முதல் தடவையாக உபயோகப்பட்டது.

சாயங்காலம் அத்தை வந்தார். இவருடைய அம்மா. வளைகாப்புக்கு யார் யார் வளையல் போடுவது என்று விரல் விட்டு எண்ணினார். பிள்ளை பெற்ற சுமங்கலிகள் மட்டும்தான் கணக்கில் வந்தார்கள். நான் எதிரில்தான் வயர் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதைக் காட்டுவதற்காகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். மலைக்குப் போகிறேன் என்றதும் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "போயிட்டு வா தாயி, குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்க" என்றார். அந்த அக்கறை பொய் இல்லை. அதுதான் கஷ்டம்.

பிப்ரவரி 3, சனி

மைக்கை எங்கே வைப்பது என்று இவரோடு சண்டை. வெளியே கொக்கியில் மாட்டு என்றார் இவர். வெளியே மாட்டினால் புதரில் சிக்கும், மூடிக்குள் வைத்தால்தான் கச்சிதம் என்றேன் நான். வழக்கம்போல என் கட்சி ஜெயித்தது. மூடியின் உள்பக்கம் பஞ்சு ஒட்டி, அதில் ஒரு குழி வெட்டி மைக்கை உட்கார வைத்தேன். மூடினால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கிறது. நானே இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்து ரசித்தேன்.

இவர் கை வேலை எப்போதும் சுத்தம். பியூஸுக்கு வயர் கட்டிய அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குழந்தை விஷயத்தில் இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு நாள் கூட என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருடைய அம்மா ஆரம்பித்தால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார். பெயருக்கு ஏற்ற மனுஷன் என்று என் அம்மா சொல்வாள்.

பிப்ரவரி 8, வியாழன்

ஞாயிறு ஒத்திகை. குழுவில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்: செட்டைப் போட்டு வைத்துக் காத்திருங்கள், சிறுமலையில் எந்த வளைவில் நான் எப்படிக் கேட்கிறேன் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஒத்திகை பாதிதான் தேறியது. என்னோடு லேப்பில் வேலை பார்க்கும் ரெஜினாவின் காரில் போனோம். கூரையில் காந்த ஆன்டெனா, பின் சீட்டில் பெட்டி. அடிவாரத்தில் கூப்பிட்டேன், வீட்டிலிருந்து இவர் கணீரென்று பதில் சொன்னார். மைக்கை உள்ளே வைத்து மூடியைச் சாத்தினேன். செட் ஓடிக்கொண்டே இருக்கட்டும், வளைவுக்கு வளைவு அவர் கூப்பிடுவார், சத்தம் எங்கே தேய்கிறது என்று பார்க்கலாம் என்பது ஏற்பாடு.

முதல் வளைவிலிருந்தே ஒரு சத்தமும் இல்லை. மலை மறைக்கிறது போல என்று நினைத்தேன். செல்போனுக்கும் டவர் இல்லை.

சும்மா இருக்க முடியாமல் ரெஜினாவோடு பேசிக்கொண்டு போனேன். அடுத்த ஞாயிறு வளைகாப்புக்குப் போகாமல் ஏன் மலைக்கு வருகிறாய் என்று அவள்தான் தோண்டினாள். யாரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள். நான் அழவில்லை. அது என்ன என்று இங்கேகூட எழுதப் போவதில்லை.

உச்சியில் பெட்டியைத் திறந்தால் தொட முடியாத சூடு. பேட்டரி ஏறக்குறைய தீர்ந்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். குழுவில் ஒருவர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கறி வாங்கப் போயிருப்பார்கள். இவர் மட்டும் வந்தார். "கேக்குது. வீட்டுக்கு வா" என்றார். அத்தோடு பேட்டரி போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பேட்டரியில் கோளாறு, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தொடாதே என்றார். சாப்பாட்டில் மனம் இல்லாமல் எழுந்துவிட்டார்.

பிப்ரவரி 12, திங்கள்

தொட்டுவிட்டேன்.

இவர் வேலைக்குப் போனதும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, செட்டைப் போட்டு, மூடியைச் சாத்தினேன். காற்றுக்காக நான் துளைத்த ஓட்டை வழியே சிவப்பு விளக்கு தெரிந்தது. மூடியைத் திறந்தேன், பச்சை. சாத்தினேன், சிவப்பு. திறந்தேன். சாத்தினேன். எத்தனை தடவை செய்தேன் என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சிவப்பு எரிந்தால் செட் பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூடிக்குள் நான் வெட்டிய கச்சிதமான குழி, மைக்கின் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. விடாமல் பேசினால் மூன்று நிமிடத்தில் தானே நின்றுகொள்ளும் வசதி செட்டில் உண்டு. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்ப்பதற்காக அதைப் போன வாரம் அணைத்து வைத்தவளும் நான்தான். அடிவாரத்தில் மூடி சாத்தியதிலிருந்து உச்சியில் திறக்கும் வரைக்கும் காருக்குள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் காற்றில் போயிருக்கிறது. நாம் பேசிக்கொண்டிருக்கும்போது எதிராளி எவ்வளவு கத்தினாலும் நமக்குக் கேட்காது. யாரும் என்னைத் தடுத்திருக்க முடியாது. மேலே ஏற ஏற இன்னும் தூரத்துக்குக் கேட்டிருக்கும். கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் நானே சொல்லியிருந்தேன்.

இனி இங்கே எழுதாமல் இருந்து என்ன ஆகப் போகிறது? ரெஜினாவிடம் சொன்னது இதுதான். கல்யாணமாகி இரண்டாம் வருடம் இரண்டு பேரும் பரிசோதனை செய்துகொண்டோம். முடிவு வந்த அன்று புயலில் கம்பங்கள் சாய்ந்து இவர் வேலையில் இருந்தார். நான் தனியாகப் போனேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, உங்கள் வீட்டுக்காரருக்குத்தான் வாய்ப்பே இல்லை என்று டாக்டர் சொன்னார். அந்த மாதம்தான் இவருடைய அப்பா தவறியிருந்தார். இவர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே கிடப்பார். இதையும் அந்தத் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. குறை எனக்குத்தான், கருக்குழாயில் அடைப்பு என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தக் கொஞ்ச நாள் வரவே இல்லை.

சாயங்காலம் இப்ராஹிம் பாய் பாலிடெக்னிக் வாசலில் காத்திருந்தார். கடிகாரக் கடை வைத்திருக்கிறார், குழுவில் மூத்தவர். வீட்டுக்கு வந்தால் தப்பாக இருக்கும் என்று இங்கே வந்தாராம். என் முகத்தைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தே பேசினார்.

"தங்கச்சி, மைக் அழுந்திருச்சுன்னு தெரிஞ்சதும் சொல்ல எவ்வளவோ பாத்தோம், முடியல. அப்பறம் செட்டை அணைச்சுட்டோம். முழுசாக் கேக்கல. ஆனா கேட்ட மட்டும் போதும். நாங்க யாரும் வாயத் தொறக்க மாட்டோம்."

உங்களுக்கே தோன்றி அணைத்தீர்களா என்று கேட்டேன். இல்லையம்மா, பவுன்ராஜ்தான் ஒவ்வொருத்தருக்காகப் போன் போட்டு அணைக்கச் சொன்னார் என்றார்.

இவர் கேட்டிருக்கிறார். முதலிலிருந்து கடைசி வரை கேட்டிருக்கிறார். ஒன்பது வருடம் யாரிடமிருந்து மறைத்தேனோ அவர் காதிலேயே நான் ஓதியிருக்கிறேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது என் கைகள் எனக்குச் சொந்தமில்லாதவை போல மடியில் கிடந்தன. அவர் என்ன ஆவார் என்பது ஒன்றுதான் பயம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

அவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. குழம்பில் உப்புப் போடவில்லை, அதையும் யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 14, புதன்

இன்று காலை அவராகவே ஆரம்பித்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, அவர் அழுதால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பக்கத்தில் போய் நின்றேன். அவர் அழவில்லை. எல்லாரும் கேட்டுவிட்டார்கள் என்றார். பாய் கேட்டுவிட்டார், நத்தத்துக்காரர் கேட்டுவிட்டார், ஆபீஸ் வரைக்கும் வந்துவிடும், இனி எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது என்றார். இதையே சுற்றிச் சுற்றிச் சொன்னார்.

ஏன் என்னிடம் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. டாக்டர் நிஜமாகவே அப்படிச் சொன்னாரா என்று கேட்கவில்லை. இப்படி ஒரு இடி விழுந்தவன் கேட்கக்கூடிய எந்தக் கேள்வியும் அவரிடமிருந்து வரவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் கைலி நுனியைத் திருகினார். "ஆறு வருஷமாத் தெரியும்" என்றார். மதுரைக்கு வேலையாகப் போனபோது தனியாக ஒரு பரிசோதனை செய்துகொண்டாராம். டாக்டர் அவரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீயா எடுத்துத் தலையில வச்சுக்கிட்ட இந்து. நான் எப்பிடி எறக்கி வைக்க?" என்றார்.

ஆறு வருடத்தை நான் நின்ற இடத்திலேயே நினைத்துப் பார்த்தேன். அவருடைய பெரியம்மா பேத்தியின் பெயர் சூட்டு விழாவில் என் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள், இவர் பந்தியில் இலை எடுக்கப் போனார். கிரகப்பிரவேசத்தில் குங்குமத் தட்டு என்னைத் தாண்டிப் போனது, இவர் பந்தலுக்கு வெளியே போனில் பேசினார். அத்தை காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தை நாற்பத்தெட்டு நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன், இவர் கையில் பனங்கற்கண்டு வைத்துக்கொண்டு நின்றார். பெயருக்கு ஏற்ற மனுஷன். நான் ஒருத்தி மறைத்தேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். என் பொய்க்குள் இவரும் வந்து குடியிருந்திருக்கிறார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கன்னத்தில் அறை வாங்கி, காது இன்னும் அடைத்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது.

பிப்ரவரி 16, வெள்ளி

அவர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து பேசும்போது நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். மகளிர் தினத்துக்குப் பாலிடெக்னிக்கில் நாடகம் போடுகிறோம், போன வாரம் காரில் பேசியது அதற்கு ஒத்திகை என்று. பாய் வயதானவர், நம்பிவிடுவார், மற்றவர்கள் அவரைப் பார்த்து நம்புவார்கள் என்றார். இதைச் சொல்லும்போது இரண்டு நாளாக இல்லாத தெளிவு அவர் முகத்தில் இருந்தது. அத்தைக்கு மட்டும் எதுவும் போய்விடக் கூடாது, தங்கச்சிக்குப் பிரசவம் ஆகிற வரைக்குமாவது என்றார். அப்புறம் வேறொரு வரைக்கும் வரும்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மைக்கை எடுத்து வெளிப்பக்கக் கொக்கியில் மாட்டினேன். மூன்று நிமிட வசதியைத் திரும்பப் போட்டேன். பஞ்சைப் பிய்த்து எறிந்தேன்.

ரெஜினாவுக்குப் போன் செய்து, அவள் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறதா என்று கேட்டேன். ஏன் என்று கேட்காமல், ஃபேன் மட்டும் சத்தம் போடும் என்றாள்.

பிப்ரவரி 17, சனி

பெட்டியைக் கட்டியாயிற்று. என் துணிகளையும் ஒரு பையில் எடுத்து வைத்தேன். மலையில் குளிரும் என்று இவரிடம் சொன்னேன். ஒரு நாளைக்கு எதற்கு இத்தனை துணி என்று அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

காலையில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பும்போது, கைக்குள் அடங்கும் சின்ன செட்டையும் இடுப்பில் செருகிக்கொண்டார். மண்டபத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாராம். "சொல்லிருவேல்ல?" என்று கேட்டார். பேசுவேன் என்றேன்.

மலையில் நல்ல வெயில். கயிறு முதல் வீச்சிலேயே கிளையில் மாட்டியது. ரெஜினா ஆன்டெனாவை இழுத்து உயர்த்தினாள், நான் கேபிளைச் செருகினேன். பெட்டி ஒரு குறையும் வைக்கவில்லை. இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்திருக்கிறேன்.

மைக்கைக் கையில் எடுத்த பிறகு கொஞ்ச நேரம் பட்டனை அமுக்க முடியவில்லை. அலைவரிசையில் கூட்டம் சேர்ந்துவிட்டது என்பது தெரிந்தது. எல்லாரும் ஒழுங்காக, என்னவோ சாவு வீட்டில் இருப்பது மாதிரி, யாரும் முந்தாமல் காத்திருந்தார்கள். நாடகம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் நாளைக்கு வீட்டில் பழையபடி குழம்பு கொதிக்கும், பழையபடி தட்டு என்னைத் தாண்டிப் போகும். என் நிலையத்தின் அடையாளக் குறியான கால்சைனைச் சொன்னேன். பிறகு சொன்னேன்:

"எல்லா நிலையத்துக்கும். போன ஞாயிறு என் பெட்டியில மைக் அழுந்தி, நான் சினேகிதிகிட்டப் பேசுனது உங்களுக்கெல்லாம் வந்திருச்சு. அலைவரிசையை அடைச்சதுக்கு மன்னிச்சுக்கங்க. நான் சொன்னது அம்புட்டும் நெசம். அதுல ஒரே ஒரு திருத்தம். என் வீட்டுக்காரருக்கு இது தெரியாதுன்னு சொல்லியிருந்தேன். அவருக்கு ஆறு வருஷமாத் தெரியும். கேட்டுச்சான்னு ஒவ்வொருத்தராச் சொல்லுங்க. ஓவர்."

கட்டுப்பாட்டு நிலையத்தின் வேலை கூப்பிடுவது. கூப்பிட்டேன். இப்ராஹிம் பாய் முதலில் வந்தார். கேட்டது தங்கச்சி, ரொம்பத் தெளிவாக் கேட்டது என்றார். நத்தம் கேட்டது என்றது. வத்தலக்குண்டு கேட்டது என்றது. கொடைக்கானலில் இருந்து நான் பார்த்தே இராத ஒருவர்கூடக் கேட்டது என்றார். எல்லாரையும் கூப்பிட்டு முடித்த பிறகு ஒரு கால்சைன் பாக்கி இருந்தது. விட்டுவிடலாம் என்று ரெஜினா கையால் காட்டினாள். நான் கூப்பிட்டேன்.

வெறும் இரைச்சல். இன்னொரு தடவை கூப்பிட்டேன். பிறகு அந்தப் பக்கம் திறந்தது. நாதஸ்வரம் கேட்டது, பெண்கள் சிரிப்புக் கேட்டது, யாரோ சந்தனக் கிண்ணம் எங்கே என்று கத்தினார்கள். அத்தனைக்கும் நடுவில் அவர் மூச்சு கேட்டது.

"கேட்டுச்சு" என்றார். "திருத்தம் சரிதான். அம்மா பக்கத்துலதான் நிக்கிறாங்க. அவங்களுக்கும் கேட்டுச்சு. ஓவர்."

அவராக அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாரா, தற்செயலாக அத்தையே வந்து நின்றாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. ரோஜர் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தேன்.

சாயங்காலம் ரெஜினா வீட்டு மாடியில் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அத்தை போனில் கூப்பிட்டார். வளைகாப்பு நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டேன். அவர் வேறொன்றைக் கேட்டார்.

"முந்தின வருஷம் ஆடியில ஒன்னைய மண்சோறு திங்க வச்சேனே தாயி. கையப் பின்னாடி கட்டிக்கிட்டு, கோயில் தரையில கெடந்த சோத்த வாயால எடுத்துத் தின்னியே. ஒன் செருப்பையும் பையையும் புடிச்சுக்கிட்டு அவன்தான நின்னான். அன்னைக்கும் அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை" என்றேன்.

போனில் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. வைக்கவில்லை.

"நீ அந்தப் புள்ள வீட்லயே இரு" என்றார். "நான் கூப்புடுற வரைக்கும் வராத. அவன் இன்னும் மண்டபத்துல பாத்திரம் எண்ணிக்கிட்டு இருக்கான். நான் மொதல்ல அவன்கிட்டப் பேசணும்."